40 பவுண்டு வுல்வரின்: தராசு சொல்லும் கணக்கு

வடக்குப் பனிநாடுகளில் வாழும் ஊனுண்ணியான வுல்வரின் எவ்வளவு பெரிதாக வளரும் என்று அலாஸ்காவிலோ கனடாவின் யூக்கானிலோ பொறிவேட்டைக்காரர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்பவர்கள் 50 பவுண்டு என்பார்கள், 60 என்பார்கள். தராசில் தொங்கவிட்டுப் பார்த்தவர்களின் கணக்கு வேறு: நன்கு வளர்ந்த ஆண் 30 பவுண்டுக்கு முன்பின், பெண் 20 பவுண்டு, 40-ஐத் தொட்டால் அது பெரிய ஆண். கிலோவில் சொன்னால் ஆண் சுமார் 13 முதல் 16, பெண் 9 முதல் 10, பெரிய ஆண் 18.

இந்த இரண்டாவது கூட்டத்தின் பேச்சைத்தான் நம்ப வேண்டும். அளந்து எழுதி வைத்த எண்களோடு அது அழகாகப் பொருந்துகிறது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் அளந்தவற்றில் ஆணின் சராசரி 15.3 கிலோ, பெண்ணின் சராசரி 10.1 கிலோ. அலாஸ்காவின் ஓர் ஆய்வில் 10 ஆண்களின் இடைநிலை எடை 16.7 கிலோ. ஒன்டாரியோவில் ஆண் 13.6, பெண் 10. அட்லாண்டிக்குக்கு அப்பால் நார்வேயிலும் பெரிய வேறுபாடு இல்லை: ஆண் 14.6, பெண் 10. இடம் மாறினால் ஓரிரு கிலோ கூடும், குறையும், அவ்வளவுதான். யூக்கானில் பொறியில் விழுந்த உடல்களை நிறுத்தபோது மட்டும் ஆண் 11.3, பெண் 7.3 என்று மிகவும் கீழே வந்தது. கொழுப்பு வற்றிய உடல்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

நீளத்தில், மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை 65 முதல் 105 செ.மீ. வால் தனியாக 17 முதல் 26 செ.மீ. தோள் உயரம் 30 முதல் 45 செ.மீ. கால் குட்டை, உடல் தடிமன், தலை அகலம். நீர்நாயும் மார்ட்டனும் சேர்ந்த குடும்பத்தில் தரையில் வாழும் மிகப் பெரிய விலங்கு இதுதான். அந்தக் குடும்பத்திலேயே இதைவிடப் பெரியவையான கடல் நீர்நாயும் அமேசான் பெரிய நீர்நாயும் தண்ணீரில் வாழ்பவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மஞ்சள் கழுத்தோடு மரத்துக்கு மரம் தாவும் நீலகிரி மார்ட்டன் இதற்கு நெருங்கிய சொந்தம், எடை சுமார் 2 கிலோ. காவிரியில் மீன் பிடிக்கும் ஆற்று நீர்நாய் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். அதாவது ஒரு பெண் வுல்வரின் நம் ஆற்று நீர்நாயின் எடையில்தான் இருக்கிறது.

அப்படியிருக்க 60 பவுண்டுக் கதை எங்கிருந்து வருகிறது? பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய கண்ணும் கையும் பழகிய அளவு வேறு. வடக்கில் பொறிப்பாதை, அதாவது வரிசையாகப் பொறி வைத்த பாதை, வைத்திருப்பவர் அன்றாடம் கையில் எடுப்பது மார்ட்டனை. அது ஏறக்குறைய 1 கிலோ. அதற்கு மேல் ஃபிஷர் என்ற உறவுக்கார விலங்கு, அதன் ஆண் 4, 5 கிலோ. லின்க்ஸ் பூனை 10 கிலோ, அதுவும் நீண்ட காலும் மெல்லிய உடலுமாக. வாரக்கணக்கில் இவற்றையே தூக்கிய கையில் திடீரென்று 15 கிலோ தசைக் கட்டி வந்து விழுந்தால் அது 25 ஆகத் தெரிவது இயல்பு. அதைப் பனிக்குள் முழங்கால் புதைய ஸ்னோமொபைல் வரை இழுத்து வந்தவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும்.

பிறகு அந்த ரோமம். வுல்வரினின் வெளி ரோமம் நீளமானது, பக்கவாட்டிலும் பின்தொடையிலும் வாலிலும் புதராகத் தொங்கும். மூச்சின் ஈரம் பட்டு அதில் உறையும் பனியைக் கையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். இனுயிட் மக்கள் தங்கள் பார்க்கா அங்கியின் முகவிளிம்புக்கு இதைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அதே ரோமம் உடலின் உருவத்தையும் பெருக்கிக் காட்டுகிறது. தோலை உரித்துப் போட்டால் உள்ளே இருக்கும் உடல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. புகைப்படங்கள் இன்னும் மோசம். விலங்கைப் பிடித்த கையை முன்னால் நீட்டி, ஆள் ஓரடி பின்னால் நின்றால் போதும், 14 கிலோ ஆண் சிறு கரடி போலத் தோன்றும். அப்படிப்பட்ட படத்தை வைத்து எடை சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

தோல் அளவு தனிக் குழப்பம். தோல் வாங்குபவர் மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை அளக்கிறார், அது பலகையில் ஏற்றிக் காய்ந்த தோல். பச்சைத் தோல் ரப்பர் மாதிரி இழுபடும். பலகை குறுகலாக இருந்தால் தோல் அகலத்தில் குறைந்து நீளத்தில் கூடும். அகலமான பலகையில் அதே தோல் குட்டையாக முடியும். நீளத்துக்குத்தான் விலை என்று தெரிந்தவர் இழுத்தே ஆணி அடிப்பார். 85 செ.மீ. உடலின் தோல் காய்ந்த பிறகு ஒரு மீட்டரை எளிதாகத் தாண்டிவிடும். இழுத்தது அதிகமானால் விலா ஓரத்தில் ரோமம் மெலிந்து தோல் வெளியே தெரியும், வாங்குபவர் அதைக் கண்டு தரத்தைக் குறைத்துவிடுவார், அது வேறு நட்டம். ஆகவே தோல் நீளத்தை வைத்து விலங்கின் நீளத்தைச் சொல்ல முடியாது. ஒரே ஆள் ஒரே பலகையில் ஏற்றிய இரண்டு தோல்களை ஒப்பிட்டால் எது பெரியது என்று மட்டும் சொல்லலாம்.

தடம் பார்த்து அளவு சொல்வதும் இப்படியே. வுல்வரினின் பாதம் உடலுக்குப் பொருந்தாத பெரிய பாதம். எடை விழும்போது அது ஏறக்குறைய இரு மடங்காக விரியும், அதனால்தான் ஓநாய் மார்பளவு புதையும் மென்பனியில் இது மேலோட்டமாக ஓடுகிறது. தடத்தில் 5 விரல் பதியும். ஓநாய்க்கும் லின்க்ஸுக்கும் 4 விரல்தான். ஐந்தாவது விரல் சில நேரம் லேசாகத்தான் விழும், ஒரே தடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு வரிசையையே பார்க்க வேண்டும். வெயில் பட்ட தடம் ஓரம் கரைந்து அகலும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கரடித் தடமோ என்று ஐயம் வரும். அளக்க வேண்டுமானால் நிழலில், இறுகிய பனியில், புதிதாக விழுந்த தடத்தை அளக்க வேண்டும். நகத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுத வேண்டும். அப்போதும் அது ஆணா பெண்ணா என்று ஊகிக்கலாமே தவிர எத்தனை கிலோ என்று சொல்ல முடியாது.

எடை என்றால் தராசுதான். அதிலும் தவறு நேர வழிகள் பல. தோலை உரிப்பதற்கு முன்பே முழு உடலை நிறுக்க வேண்டும். உரித்த உடலின் எடை கணிசமாகக் குறையும், அதை முழு எடை என்று எழுதிவிட்டால் அந்தப் பதிவு பிறகு யாருக்கும் பயன்படாது. பொறி, சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அல்லது தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும். ரோமத்தில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டி எடுக்க வேண்டும். கொக்கியில் தொங்கவிடும்போது விலங்கின் எந்தப் பகுதியும் தரையிலோ சுவரிலோ படக்கூடாது. கடுங்குளிரில் டிஜிட்டல் தராசின் பேட்டரி படுத்துவிடும் என்பதால் உள்ளே கொண்டுவந்து நிறுப்பது நல்லது. ஸ்பிரிங் தராசு பழையதானால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும்: காலி கேனை நிறுத்து, பிறகு 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி நிறுத்தால் வித்தியாசம் 15 கிலோ காட்ட வேண்டும். வயிற்றைத் திறக்கும்போது உள்ளே இருப்பதையும் தனியாக நிறுத்து எழுத வேண்டும். இந்த விலங்கு கிடைத்தபோது வயிறு முட்டத் தின்னும், எலும்பையும் சேர்த்தே விழுங்கும்.

நீளம் அளப்பது எடையைவிடச் சிக்கல். மல்லாக்கக் கிடத்தி, முதுகெலும்பு நேராக இருக்கும்படி, இழுக்காமல், மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை நேர்கோட்டில் அளப்பது ஒரு முறை. முதுகின் வளைவைத் தொட்டபடி நாடா போட்டு அளப்பது இன்னொரு முறை. இரண்டாவது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். எந்த முறையில் அளந்தோம் என்று எழுதாத நீளம் பாதி வீண். வாலை அளக்கும்போது கடைசி எலும்போடு நிறுத்த வேண்டும், நுனி ரோமத்தைச் சேர்க்கக்கூடாது. உறைந்து வளைந்துபோன உடலை அளக்கவே கூடாது, கரையும்வரை காத்திருக்க வேண்டும்.

எனக்குக் கேட்டால் மண்டையோடுதான் எல்லாவற்றிலும் நேர்மையான சாட்சி. பசியில் மெலியாது, தின்று கொழுக்காது, இழுத்தால் நீளாது. ஆணின் மண்டையோடு சுமார் 15 செ.மீ. நீளம். உச்சியில் முன்பின்னாக ஓடும் எலும்பு முகடு தாடைத் தசை பற்றிக்கொள்ளும் இடம், முதிர்ந்த ஆண்களில் அது உயர்ந்து பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். உறைந்த இறைச்சியையும் எலும்பையும் நொறுக்கும் வலிமை அந்தத் தசையிலிருந்துதான் வருகிறது. மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல் உள்நோக்கி 90 பாகை திரும்பியிருப்பதும் அந்த வேலைக்கே. கோணி ஊசி மாதிரி கூர்மையான பல்லைக் காட்டி ‘இது கிழவன்’ என்று சொல்பவர்கள் உண்டு, அது தலைகீழ். வயது ஏறினால் பல் தேய்ந்து மழுங்கும், உறைந்த எலும்பைக் கடிப்பதால் உடையவும் உடையும்.

வயது முக்கியம். அளவைப் பற்றிய பேச்சில் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். குட்டிகள் பிப்ரவரி, மார்ச்சில் ஆழ்பனிக்குள் தோண்டிய வளையில் பிறக்கின்றன. பிறக்கும்போது 100 கிராம் அளவுதான், வெள்ளை ரோமம், மூடிய கண். 9, 10 வாரத்தில் பால் மறக்கும். அதன் பிறகு வளர்ச்சி மிக வேகம்: இலையுதிர் காலம் வருவதற்குள் உடல் நீளம் ஏறக்குறைய முழுமை பெற்றுவிடும். நவம்பரில் பொறிப்பருவம் தொடங்கும்போது அந்த ஆண்டு பிறந்த ஆண் குட்டி தன் தாயைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும். ஆனால் அது இன்னும் எலும்பில் முதிராதது, தசை கட்டாதது. பெரிய ஆணோடு பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு புலப்படும்.

அனுபவம் இல்லாத இளசுகளே பொறியில் அதிகம் விழும். புது இடம் தேடி அலையும் இளம் ஆண்கள் பல பொறிப்பாதைகளைக் கடக்கின்றன. தன் எல்லைக்குள் நிலைத்துவிட்ட முதிர்ந்த விலங்கு அவ்வளவு எளிதாக ஏமாறாது. யூக்கான் சராசரி குறைந்ததற்கு இந்தச் சாய்வும் காரணமாக இருக்கும் என்று மேலே சொன்னது இதைத்தான். உண்மையான வயது தெரிய ஒரே வழி பல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவது. வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றினால், மரத்தின் ஆண்டு வளையம் போலப் பல் காரையில் வருடத்துக்கு ஒரு கோடு தெரியும். ஆண்களில் ஆணுறுப்பின் எலும்பு எடையும் குட்டி எது, முதிர்ந்தது எது என்று பிரித்துக் காட்டும். யூக்கான் அரசு பொறிவேட்டைக்காரர்களிடமிருந்து தோல் உரித்த வுல்வரின் உடல்களைச் சேகரித்தது இப்படிப்பட்ட தகவலுக்காகத்தான். தோலை எடுத்துக்கொண்டு உடலை எறிந்துவிட்டால் பல், மண்டையோடு, கருப்பை, கொழுப்பு என்று எல்லாத் தகவலும் அதோடு போய்விடும்.

பொறி வைப்பவருக்கு இந்த அளவெல்லாம் வெறும் பேச்சுக்கு இல்லை. மார்ட்டனுக்கு வைக்கும் 120 எண் கொல்பொறியின் வாய் சுமார் 12 செ.மீ. வுல்வரினின் தலை அதற்குள் போகாது. முன்காலை விட்டுத் துழாவும், விரல் மட்டும் சிக்கும், மெல்லிய சங்கிலியையோ கம்பியையோ முறுக்கிப் பிய்த்துக்கொண்டு பொறியோடு ஓடிவிடும். பிறகு அந்த விலங்கு நாட்கணக்கில் இரும்பைக் காலில் இழுத்தபடி அலைந்து, அதைக் கடித்துப் பல்லையும் உடைத்துக்கொள்ளும். இதைவிடக் கொடுமையான முடிவு வேறில்லை. ஆகவே வுல்வரின் நடமாட்டம் தெரிந்த பாதையில் பொறுப்புள்ளவர்கள் சிறு பொறிகளை எடுத்துவிட்டு 330 எண் பொறியை வைக்கிறார்கள், அதன் வாய் 25 செ.மீ. தடித்த கழுத்தில் உடனே உயிர்போகும்படி விழ அந்த அளவும் அந்த விசையும் தேவை. சுருக்குக் கம்பியில் வைத்தால், அது கழுத்தில் சரியாக இறுகாமல் உடலிலோ காலிலோ மாட்டியதென்றால், கடித்துத் துண்டித்துவிடும். ஒருமுறை தப்பியது மறுபடி அந்தப் பக்கம் வராது என்றும் எதிர்பார்க்க முடியாது, பொறிப்பாதையையே பிடித்து நடந்து சிக்கிய மார்ட்டன்களை ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

ஆய்வாளர்களுக்கு அளவு பிழைபட்டால் விளைவு இன்னும் நேரடியானது. அவர்கள் உயிரோடு பிடிக்கத் தடித்த மரக்கட்டைகளை அடுக்கிக் கனமான மூடி வைத்த பெட்டிப்பொறியைப் பயன்படுத்துகிறார்கள். இரும்புக் கூண்டு வைத்தால் கம்பியைக் கடித்துப் பல் போய்விடும், அதனால் மரம். மரத்தையும் சில மணி நேரத்தில் கொறித்துத் துளை போட்டுவிடும், அதனால் மூடி விழுந்ததும் செய்தி அனுப்பும் ரேடியோ கருவியைப் பொருத்தி, உடனே போய்ச் சேர்கிறார்கள். உள்ளே உறுமிக்கொண்டிருப்பதை முதலில் நிறுக்க முடியாது. மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்து, எடையைக் கணித்து, அதற்கேற்ற மயக்க மருந்தை நீண்ட தடியின் முனையிலுள்ள ஊசியால் ஏற்ற வேண்டும். 10 கிலோப் பெண்ணை 16 கிலோ என்று கணித்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் மருந்து போய்விடும், உடல் வெப்பம் குளிரில் சரியும், மூச்சு தாழும். குறைத்துக் கணித்தால் பாதியில் விழித்துக்கொள்ளும். ஆண்-பெண் வேறுபாட்டைத் தலை அகலத்திலும் கழுத்துத் தடிமனிலும் பார்த்துப் பழகியவர்களின் கண்தான் அங்கே காப்பாற்றுகிறது. மயங்கிய பிறகு நிறுத்த எடைகளே இன்று நம்மிடம் உள்ளவற்றில் நம்பத் தகுந்தவை, ஏனென்றால் அவை முழு உடலின் எடை, பனி தட்டிய எடை, வயது கணித்த எடை.

உச்ச எல்லை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய சோவியத் நூல்களில் 32 கிலோ ஆண் என்று ஒரு குறிப்பு உண்டு, அதாவது 70 பவுண்டு. சோவியத் பாலூட்டிகளைப் பற்றிய பெருந்தொகுப்பே அதை நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கிவிட்டது. 20 கிலோவைத் தாண்டும் ஆண் அரிது என்றாலும் இருக்கக்கூடியது. காரிபு என்ற வட அமெரிக்கப் பனிமானின் உடலை நாட்கணக்கில் காவல் காத்துத் தின்ற கொழுத்த ஆண், வயிறு நிறைய இறைச்சியோடு நிறுக்கப்பட்டால் அங்கே போய் நிற்கலாம். அதற்கு மேல் போகும் எந்த எண்ணுக்கும் தராசின் படமும் முழு உடலா என்ற பதிலும் வேண்டும்.

இது ஏன் இதைவிடப் பெரிதாக வளர்வதில்லை என்பதற்கு என் எண்ணம் இது. வுல்வரினின் குளிர்காலப் பிழைப்பு இரண்டில் நிற்கிறது: பனியில் புதையாமல் நெடுந்தூரம் நடப்பது, செத்துக் கிடப்பதைத் தேடித் தின்பது. ஓர் ஆணின் எல்லை பல நூறு சதுர கிலோமீட்டர், 1,000-ஐத் தாண்டுவதும் உண்டு. எடை இரு மடங்கானால் அந்தப் பாதம் தாங்காது, பனிப்பறவையும் அணிலும் சிதறிய எலும்புமாகக் கிடைப்பதை வைத்து அந்த வயிற்றை நிரப்பவும் முடியாது. M56 என்று எண்ணிடப்பட்ட இளம் ஆண் வயோமிங்கிலிருந்து புறப்பட்டு 2009-இல் கொலராடோவை அடைந்தது, 2016-இல் வடக்கு டகோட்டாவில் சுடப்பட்டு இறந்தது. மலையும் பாலைநிலமும் நெடுஞ்சாலையும் கடந்து அப்படி நடக்கும் விலங்குக்கு 15 கிலோ என்பது சரியான அளவு.

அமெரிக்காவின் கீழ் 48 மாநிலங்களில், அதாவது அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான மாநிலங்களில், பொறித் தராசு இப்போது ஓய்ந்துவிட்டது. அங்கே வுல்வரின் பொறிவேட்டைக்குக் கடைசிவரை அனுமதி தந்த மொன்டானாவில் 2012-இல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2023 நவம்பரில் அந்த மாநிலங்களின் வுல்வரின் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனமாகச் சட்டப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டது. குட்டி போடும் வளைக்கு மே வரை நிற்கும் ஆழ்பனி தேவை, அந்தப் பனி குறைந்து வருவது முக்கியக் காரணம். அலாஸ்காவில் பருவத்தில் பொறிவேட்டை தொடர்கிறது, பிடித்த ஒவ்வொரு வுல்வரின் தோலையும் அரசிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பொறிவேட்டைக்காரர் சங்கமும் பல்கலைக்கழகமும் கைகோத்து, கிடைமட்டமாக நீட்டிய கழியின் எதிரே இரையைக் கட்டி, கேமராவும் ரோமம் பற்றும் கவ்விகளும் வைத்து வுல்வரின்களை எண்ணின. இரையை எட்ட அது எழுந்து நிற்கும்போது கழுத்திலும் மார்பிலும் உள்ள வெளிர்த் திட்டு படத்தில் விழும், அது ஒவ்வொன்றுக்கும் தனி. பால் கொடுக்கும் பெண்ணா என்பதும் அதே படத்தில் தெரியும். கழியின் நீளமும் இரை தொங்கும் உயரமும் முன்பே அளந்து வைத்தவை என்பதால், கையில் பிடித்துக் காட்டும் படத்தைப் போல அது ஏமாற்றாது.